விளக்குமாறும் விருந்தாளியும்



மே மாதம் 1-ந் தேதி நெருங்குகிறது. தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள் அன்று வருகிறது. 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1955-ம் ஆண்டில் இத்திருநாளை ஏற்படுத்தினார். அதே ஆண்டு ஜூலை மாதத்தில்தான் மைசூர் மேற்றிராசனத்திலிருந்து பிரிந்து உதகமண்டலம் மேற்றிராசனம் தனியாக உண்டாயிற்று. ஆகையால் தோட்டத் தொழிலாளிகள் நிறைந்த இம்மலையில் அந்நாளை நாம் சற்றுக் கூடுதலாகவே கொண்டாடுவதில் நியாயம் உண்டு. பூசை முடிந்தபின் கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகும் சாலையில் இறங்கித் தேயிலைக்குள் நடந்து வரும் வெளியூர் உறவினரையும் சேர்த்தால் நானூறு இலைக்குக் குறையாது.

நான் இந்த வாரம் எழுத வந்தது திருநாளைப்பற்றி அல்ல, அதற்கு முந்தின நாட்களைப்பற்றி. கலியாணம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு என்று எதையாவது நடத்தியிருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் அந்த நாட்களின் சங்கடம் தெரியும்.

சென்ற திங்கட்கிழமை இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரிசி வந்து சேர்ந்தது, பருப்பு வரவில்லை. பெரிய அண்டா இரண்டில் ஒன்று ஓட்டை. பந்தல்காரர் ஒரு தொகை சொன்னார், மறுநாள் வேறு தொகை சொன்னார். கொடியை யார் தூக்குவது என்று மேல் லயத்தாருக்கும் கீழ் லயத்தாருக்கும் ஒரு பேச்சு எழுந்து, அது பேச்சாக இருந்து கொஞ்சம் சத்தமாகவும் ஆகிவிட்டது. திருவிழா வரி கொடாத குடும்பங்களின் பெயரை ஒருவர் சீட்டில் எழுதி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கோடை மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? பலாப்பழ வாசனைக்கு யானை வந்தால் என்ன செய்வது? இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. விடியற்காலம் எழுந்து ஜெபம் செய்ய முழந்தாளிட்டேன். ஜெபத்துக்குள்ளும் அந்த ஓட்டை அண்டா வந்து நின்றது.

சரி என்று எழுந்து வெளியே போனேன். அறைவீட்டுத் திண்ணையில் மம்பட்டி சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்புறம் ஓடுகிற கானை வெட்டப் போனேன். கான் என்றால் மழைத்தண்ணீர் போகிற வாய்க்கால் என்று நம் லயங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சமவெளியிலிருந்து வந்த எனக்கு அது தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. கான் முழுவதும் சில்வர் ஓக் இலை. மேலே பச்சையும் அடியில் வெள்ளியுமாய் இறகுபோல் இருக்கிற அந்த இலை, உதிர்ந்து நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பாய்போல் ஆகிவிடுகிறது. மம்பட்டியால் வெட்டினால் வழுக்குகிறது. ஆகையால் குனிந்து கையாலேயே அள்ளிக் கூடையில் போட்டேன். அதற்கடியில் கறுப்பு வண்டல். அதற்கடியில் மண். எங்கோ ஒரு செம்போத்து கத்தியது. மஞ்சு இறங்கியிருந்தபடியால் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் முதுகு வலித்தது. அரை மணி நேரத்தில் பருப்பு மறந்துபோயிற்று. தேங்கி நின்ற தண்ணீர் நான் வெட்டிவிட்ட இடத்தில் முதலில் மெல்ல அசைந்து, பிறகு ஒரு சிறு சத்தத்தோடு ஓடத் தொடங்கியபோது எனக்கு உண்டான ஆறுதலை இங்கே எழுதினால் சிலர் சிரிப்பார்கள். பல மாதமாய் எனக்கு அப்படிப்பட்ட மன அமைதி கிட்டினதில்லை.

குருமடத்தில் படித்த பழக்கத்தினால் உடனே ஒரு கேள்வியும் வந்தது. இந்தச் சமாதானம் எங்கிருந்து வருகிறது? இது நல்லதா, அல்லது செய்யவேண்டியதைச் செய்யாமல் ஒளிந்துகொள்வதற்கு ஒரு சாக்கா?

முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரிய விருந்துக்கு முன் நம்மைப் பிடித்தாட்டுகிற பயத்தை உரித்துப் பார்த்தால், நானூறு பேர் வருகிறார்களே என்ற பயம் கொஞ்சந்தான். நானூறு பேரும் திரும்பிப் போகும்போது என்ன சொல்லிக்கொண்டு போவார்கள் என்ற பயமே மிச்சமெல்லாம். சாம்பாரில் உப்பு கூடிற்று என்பார்களோ, போன சாமியார் காலத்தில் இப்படி இல்லை என்பார்களோ! கானுக்கு இந்தப் பேச்சு ஒன்றுமில்லை. அது அடைத்திருக்கிறது அல்லது ஓடுகிறது. அன்றியும் கானுக்கு இந்த முனை உண்டு, அந்த முனை உண்டு. திருவிழா ஏற்பாட்டுக்கு முனையே கிடையாது. ஒன்றை முடித்தால் அதிலிருந்து இரண்டு முளைக்கும். முனை தெரிகிற வேலை ஒன்றில் கையை வைத்ததும், ஊரெல்லாம் அலைந்த மனசு கையோடு வந்து நின்றுவிடுகிறது. மருத்துவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லக்கூடும். எனக்கு இது போதும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. காசியானுஸ் என்னும் துறவி 5-ம் நூற்றாண்டில் எழுதிய நூலில், எகிப்து வனாந்தரத்தில் வசித்த பவுல் என்ற முனிவரைப்பற்றிச் சொல்கிறார். அவர் இருந்த இடத்திலிருந்து ஊருக்குப் போவதற்கு ஏழு நாளைக்கு மேல் நடக்கவேண்டும். கைவேலை செய்து விற்கலாமென்றால் வண்டிக் கூலி விலையைவிட அதிகம். ஆனாலும் அவர் நாள்தோறும் பேரீச்ச ஓலை சேகரித்து, தமக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டு வேலை செய்தார். வருஷ முடிவில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் தீ வைத்துக் கொளுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். வாலிபனாயிருந்தபோது இதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. நான் திங்கட்கிழமை விடியவிடிய வாரினதும் இன்றைக்கு மறுபடி உதிர்ந்து கிடக்கிறது. நம் சைவ அயலார் திருநாவுக்கரசருக்குச் சிலை வைக்கும்போது கையில் உழவாரத்தைக் கொடுக்கிறார்கள். 7-ம் நூற்றாண்டில் கோயில் கோயிலாகப் போய் முற்றத்துப் புல்லைச் செதுக்கினவர் அவர். செதுக்கின இடத்தில் புல் முளைக்காமலா இருந்திருக்கும்?

இப்படியெல்லாம் யோசித்து, நல்ல ஞானம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, புதன்கிழமை மாலை ஜெபமாலைக்கு வந்திருந்த பெண்களிடம் இதைச் சொன்னேன். அவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஓர் அம்மாள் சொன்னார்: “சாமி ஒரு நா மம்பட்டி புடிச்சீங்க, சமாதானம் வந்துருச்சு. நாங்க தெனமும் தொடப்பம் புடிக்கிறோம். எங்க வீட்டு ஆளுககிட்ட வந்து கேளுங்க, சமாதானமா இருக்கோமான்னு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அறைவீட்டுக்குத் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை.

கொழுந்து அதிகம் வருகிற இந்தக் காலத்தில் ஒரு தாய் விடியுமுன் எழுந்து, முற்றம் பெருக்கி, தண்ணீர் பிடித்து, காலைக்கும் மத்தியானத்துக்கும் ஆக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். வீட்டில் விசேஷம் என்றால் இதற்குமேல் விசேஷ வேலையும் அவள் தலையில்தான். அவளிடம் போய் முற்றம் பெருக்குவதில் உள்ள ஆத்தும லாபத்தைப்பற்றிப் பேசுவது, பசித்தவனுக்கு உபவாசத்தின் மகிமையைப்பற்றிப் பிரசங்கம் செய்வதற்குச் சமானம். 1901 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி, கக்கூசு நாறிக் கிடப்பதைத் தொண்டர்களுக்குச் சுட்டிக்காட்டினார். அது துப்புரவுக்காரருடைய வேலை, எங்களுடையதல்ல என்றார்கள். அவர் ஒரு விளக்குமாறு கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். கூட்டமோ பெரிது. தமக்கு வேண்டிய அளவுக்குமேல் தம்மால் ஆகவில்லை என்று சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் செய்தது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆயினும் விளக்குமாற்றைத் தானாகக் கேட்டு வாங்குகிறவனுடைய மனநிலை ஒன்று. அது பிறப்பிலேயே கையில் திணிக்கப்பட்டவனுடைய மனநிலை வேறொன்று. முதலாமவன் அனுபவிக்கிற அமைதியை இரண்டாமவனுக்கும் இருக்குமென்று நாம் சொல்லக்கூடாது. ஆகையால் வீட்டு ஆண்களுக்கு நான் சொல்லுவேன்: விசேஷத்துக்கு முன் மனக்கலக்கம் வந்தால் கடைத்தெருவுக்குப் போய் நிற்காமல் முற்றத்தைப் பெருக்குங்கள். பெருக்கிவிட்டு அதைப்பற்றி யாரிடமும் சொல்லாதேயுங்கள். நான் சொல்லிவிட்டேன், அதற்குத் தக்க பதிலும் கிடைத்துவிட்டது.

நிற்க. இதுவரை எழுதியது எனக்கு அவமானமில்லாத பகுதி. இனிமேல் எழுதுவதை, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் எழுதலாம் என்று சொன்னபிறகே எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலம் நான் கானுக்குள் நின்று சந்தோஷமாய் வாரிக்கொண்டிருக்கையில், வேலி ஓரத்தில் ஒரு பாட்டி வந்து நின்றார்கள். சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் போட்டிருந்தார்கள். “சாமி” என்றார்கள். எனக்கோ அந்த நேரத்தை விட மனமில்லை. ஒரு வாரத்தில் முதன்முதலாக மனசு ஒரு நிலையில் நின்றிருக்கிறது. யாராவது பேசினால் அண்டாவும் பந்தலும் திரும்பி வந்துவிடும். நிமிராமலே, “வேலையா இருக்கேன் பாட்டி, அப்புறமா வாங்க” என்றேன். கோபமாய்ச் சொல்லவில்லை. நல்ல குரலில்தான் சொன்னேன். “சரிங்க சாமி” என்று போய்விட்டார்கள். நான் மறுபடி குனிந்துகொண்டேன்.

அவர்கள் அப்புறம் வரவில்லை. வியாழக்கிழமை உபதேசியார் வேறு எதையோ பேசுகிறபோது, அந்தப் பாட்டியின் வீட்டுப் பெயரும் என் மேசைமேல் இருந்த சீட்டில் இருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிற்று. அன்று மாலையே அவர்கள் லயத்துக்குப் போனேன்.

பாட்டி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிலோனிலிருந்து குடும்பம் குடும்பமாய் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்களில் அவர்களும் ஒருவர். தாய் தகப்பனோடு சிறு பெண்ணாய் வந்தவர்கள். என்னைக் கண்டதும் பேச்சு மூச்சில்லாமல் முதற்காரியமாக விளக்குமாற்றைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். குவித்து வைத்திருந்த குப்பை நடுவாசலில் அப்படியே கிடந்தது. அதை அவர்கள் திரும்பிப் பார்க்கவுமில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “வாங்க சாமி, உக்காருங்க, தேத்தண்ணி வைக்கிறேன்” என்றார்கள்.

நெடுநேரம் கேட்டபிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்கள். “மகன் திருப்பூர்ல இருக்கான் சாமி, மூணு மாசமா ஒண்ணும் அனுப்பல. வரி குடுக்க முடியல. பேரு எழுதிட்டாங்கன்னு சொன்னாங்க. சாப்பாட்டுக்கு வரலாமா வேணாமான்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க வேலையா இருந்தீங்க.”

நான் எந்த வேலையாய் இருந்தேன்? விருந்தாளிகள் வரப்போகிற முற்றத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்கவேண்டுமே என்று கான் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த விருந்துக்கு முதல் விருந்தாளியாக வந்து வேலியருகே நின்றவரை, கான் வெட்டுவதற்காகத் திருப்பி அனுப்பினேன்.

மார்த்தம்மாளைப்பற்றி நாங்கள் குருக்கள் பிரசங்கங்களில் பெரும்பாலும் அநியாயமாய்ப் பேசிவிடுகிறோம். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தை நிதானமாய் வாசித்தால், அடுப்படி வேலை செய்ததற்காக ஆண்டவர் அவளைக் கடிந்துகொண்டதாக இல்லை. யாராவது சமைக்காவிட்டால் அன்றைக்குச் சேசுநாதருக்குச் சாப்பாடு ஏது? பல காரியங்களால் கலங்கி, தங்கை உட்கார்ந்திருக்கிறாளே என்று கணக்குப் பார்த்து, அந்த வழக்கை விருந்தாளியிடமே கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கேதான் பிசகு. இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கலக்கம் தீர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைத் திருத்திக்கொள்ளவேண்டியிருக்கிறது. மார்த்தம்மாள் கலங்கியிருந்தாள், நானோ கலங்கவில்லை. என் மனசு அப்போது குளம்போல் இருந்தது. அப்படியிருந்தும் அவள் தவறவிட்டதைத்தான் நானும் தவறவிட்டேன். அவளாவது விருந்தாளியிடம் வந்து முறையிட்டாள். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆகவே மனசு அமைதியாய் இருப்பது ஒன்றைமட்டும் வைத்து, செய்கிற காரியம் சரி என்று முடிவு கட்ட இயலாது. தன் அமைதியைக் காசைப்போல் முடிந்து வைத்துக்கொண்டு காவல் காக்கிறவனும் கருமிதான்.

அர்ச். ஆசீர்வாதப்பர் 6-ம் நூற்றாண்டில் தம் மடத்துச் சந்நியாசிகளுக்கு எழுதின ஒழுங்கில் 53-வது அதிகாரம் முழுவதும் விருந்தாளிகளைப்பற்றியது. அந்த மனிதர் எவ்வளவு அனுபவசாலி என்பது அதில் தெரிகிறது. விருந்தாளிகள் நேரங்காலம் பாராமல் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆதலால் மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் விருந்தாளிகளுக்கென்று தனிச் சமையற்கட்டு வைக்கச் சொல்கிறார். அங்கே வேலை செய்கிறவர்கள் முறுமுறுக்காதபடி தேவையானபோது உதவியாளரும் கொடுக்கச் சொல்கிறார். பணக்காரர் வந்தால் பயத்தினாலேயே மரியாதை தானாக நடந்துவிடும், எளியவர்களையும் பரதேசிகளையும் வரவேற்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஜெபத்துக்கு மணி அடித்தால் கையில் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து வரவேண்டும் என்று வேறோர் இடத்தில் விதிக்கிறார். குருமடத்தில் இதையெல்லாம் பரீட்சைக்குப் படித்தேன். மணி என்று அவர் எழுதியிருப்பதால், வேலியருகே ஒரு கிழவி மெதுவாகச் “சாமி” என்று கூப்பிடுவது மணிச் சத்தம் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

விருந்தாளி எதிரில் விளக்குமாறு தெரியக்கூடாது, அவர் இருக்கையில் பெருக்கக்கூடாது, அவர் போனவுடனும் பெருக்கக்கூடாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லுவதைச் சிறுவயதில் மூட நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். சிலர் அதைச் சகுனத்தோடு சேர்த்துப் பேசுவது மூட நம்பிக்கைதான். ஆனால் பாட்டி கதவுக்குப் பின்னால் விளக்குமாற்றை வைத்த வேகத்தில் சகுனம் ஒன்றும் இருக்கவில்லை. குப்பை பாதியில் கிடந்தது, அவர்களுக்கு அது பொருட்டாய்ப் படவில்லை. ஊட்டியில் 1848-ல் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சியைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்காகத் தோட்டக்காரர்கள் மாதக்கணக்காய் விதைத்து, களை பிடுங்கி, ஆயிரக்கணக்கான தொட்டிகளைச் சுமந்து அடுக்குகிறார்கள். ஜனங்கள் உள்ளே வருகிற நேரத்தில் மண்வெட்டியும் கூடையும் கண்ணில் படுவதில்லை. கதவு திறந்தபிறகும் நான் இன்னும் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தோட்டக்காரர் வழியை மறித்து நின்றால் அது யாருக்காக?

நான் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்களுக்கு அது கூச்சமாய்ப் போயிற்று. “அதெல்லாம் என்ன சாமி பேச்சு” என்று சொல்லித் தேத்தண்ணீரில் இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டார்கள். காலையில் பெருக்கும்போது அவர்களுக்கு மனசு ஆறுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்கள். “ஆறும் சாமி. அவுக இருந்த காலத்துல ஆறாது, சோறாக்க நேரமாச்சேன்னு இருக்கும். இப்ப ஆறுது. ஆனா யாராச்சும் வந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார்கள். அந்த லயத்தில் எட்டு வீட்டில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகளெல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள்.

இனி திருநாள் சம்பந்தமாகச் சில அறிவிப்புகள். 30-ந் தேதி மாலை மூன்று மணிக்கு முற்றம் சுத்தம் செய்ய ஆண்கள் வரவும். மம்பட்டியும் கூடையும் உள்ளவர்கள் கொண்டுவரவும். வேலி ஓரத்துப் பலாமரங்களில் பழுக்கத் தொடங்கியவற்றையெல்லாம் இருட்டுமுன் இறக்கிவிடவேண்டும். மரமேறத் தெரிந்த இரண்டு பேர் தேவை. கொடியை மேல் லயத்தார் எடுத்துவர, கீழ் லயத்தார் ஏற்றுவது என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பருப்பு வந்துவிட்டது. பந்திக்குச் சீட்டு இல்லை, பெயர் வாசிப்பதும் இல்லை. என் மேசைமேல் வைக்கப்பட்ட பெயர்ச் சீட்டால் வெள்ளிக்கிழமை காலை அடுப்பு மூட்டியாயிற்று. அதை எழுதினவர் மனம் நோகவேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார் என்று அறிவேன், அவரிடம் நேரிலும் பேசிவிட்டேன்.

பாட்டி 30-ந் தேதி மாலை தம் விளக்குமாற்றோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கானில் இன்னும் பத்து முழம் பாக்கி இருக்கிறது.